இட்லிக் கணக்கு

ஜனவரி 10, சனி

வேலூர் ஆஸ்பத்திரியில் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியாயிற்று. ரிசல்ட் எப்போது என்று கேட்டால் கவுன்டரில் இருந்த பெண் காலண்டரைத்தான் பார்த்தாள். 15 பொங்கல், 16 திருவள்ளுவர் நாள், 17 உழவர் திருநாள், 18 ஞாயிறு. "பத்தொன்பது வந்துடுங்க சார்." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். படியிறங்கும்போதுதான் ஒன்பது நாள் என்று உறைத்தது.

நைனா சாப்பிட்டது இட்லி ஒன்றரை.

ஜனவரி 11, ஞாயிறு

இட்லி ஒன்று. சாம்பாரில் கரைத்தது.

ஜனவரி 13, செவ்வாய்

லாட்ஜ் கட்டிலில் படுத்தபடியே நைனா சொன்னார்: "இன்னிக்கு பொய்கைச் சந்தை." பொங்கலுக்கு முந்தின மாட்டுச் சந்தை என்றால் கூட்டம் எப்படி இருக்கும், கழுத்துக் கயிறு, சலங்கை எல்லாம் என்ன விலை விற்கும் என்று அரை மணி நேரம் பேசினார். பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அங்கேதான் நின்றது.

2014-ல் மாடு விடக் கோர்ட் தடை வந்ததும் நம் மயிலைக் காளையை அந்தச் சந்தையில்தான் விற்றார். எருது விடும் விழாவில் தெரு முழுக்க ஒரே மூச்சில் ஓடி முடிக்கும், திரும்பிக்கூடப் பார்க்காது. 2017-ல் சட்டம் திருத்தி மறுபடி மாடு விட ஆரம்பித்தபோது இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. இப்போதும் கேட்கிறார்: "இன்னும் மூணு வருஷம் வெச்சிருந்தா இன்னாடா?"

நான் என்ன சொல்ல?

இட்லி முக்கால்.

ஜனவரி 14, புதன், போகி

விடிகாலை நாலு மணிக்கே பின்தெருப் பிள்ளைகள் மேளம் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பழைய பாய், துடைப்பம், அதோடு எவனோ டயரையும் போட்டிருக்கிறான். ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தும் புகை வந்தது. நைனா ஒரு மணி நேரம் இருமினார். அடங்கியதும், "அந்த ஸ்கேன் பையையும் எடுத்துட்டுப் போய்ப் போட்டுடு, பழசுதானே" என்றார்.

சிரித்தேன். அப்புறம் பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஜனவரி 15, வியாழன்

தம்பி காலை பஸ்ஸில் வந்து தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட்டான். மாட்டுக்கு ஆள் இல்லை. சர்க்கரைப் பொங்கல், இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் போட்ட மொச்சைக் குழம்பு. அம்மா மொச்சையைப் பிதுக்கி, தோல் நீக்கி, மசிய வேகவைத்து அனுப்பியிருக்கிறாள். நைனா குழம்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பொங்கலில் நெய் மினுக்கும் ஒரு வாய் எடுத்தார். இறங்கவில்லை.

எதிர் அறையில் கல்கத்தாவிலிருந்து வந்த ஓர் அம்மா. கணவருக்கு இங்கேதான் வைத்தியம். அவர்களுக்கும் நேற்று சங்கராந்தியாம். வராந்தா ஸ்டவ்வில் அரிசியும் பாலும் பேரீச்ச வெல்லமும் போட்டுக் குழையக் குழையக் காய்ச்சி, ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். பழுப்பு நிறம், லேசான புகை வாசனை. நைனா ஆறு ஸ்பூன் சாப்பிட்டார். ஆறு! எண்ணினேன். வீட்டுப் பொங்கல் இறங்காமல் இது இறங்கியதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

வீடியோ காலில் மாட்டுப் பொங்கல். தம்பி சிவப்பியின் கொம்புக்கு நீலம் அடித்துவிட்டான். "எந்தக் கட்சிடா நீ" என்று இங்கிருந்தே கத்தினார், தொண்டை வலியோடு. தொழுவ வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டு, வைக்கோலைக் கொளுத்தி மாட்டைத் தாண்டவிட்டார்கள். மாவிலையால் தண்ணீர் தெளித்து "பொங்கலோ பொங்கல்" என்றபோது இவரும் உதடு அசைத்தார்.

பிறகு நந்தி கதை. ஆயிரம் தரம் கேட்டது. 'தினம் எண்ணெய் தேய்த்துக் குளி, மாதம் ஒரு தரம் சாப்பிடு' என்று சொல்லிவரச் சிவன் அனுப்ப, பூலோகத்துக்கு வந்த நந்தி 'தினம் சாப்பிடு, மாதம் ஒரு தரம் எண்ணெய் தேய்' என்று மாற்றிச் சொல்லிவிட்டதாம். 'அத்தனை சோற்றுக்கு எங்கே போவார்கள், நீயே போய் உழு' என்று சாபம். "தப்பா சொன்னதுக்குத் திருவண்ணாமலைல பெரிய நந்திக்கு இன்னிக்கு வடையும் முறுக்கும் மாலையா போடுறான் பாரு" என்று முடிப்பது வழக்கம். இன்று இன்னொன்று சேர்த்தார்.

"சிவன் சொன்னபடி நடக்கறது ஊர்லயே நான் ஒருத்தன்தான்டா."

இட்லி கால்.

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

கோட்டைப் பக்கம் போகவே முடியவில்லை, அவ்வளவு கூட்டம். நல்லெண்ணெய் வாங்கத்தான் போனேன். சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துவிடு என்கிறார். டாக்டரைக் கேட்கவில்லை. முக்காலியில் உட்காரவைத்து உச்சியில் தட்டித் தேய்த்தேன். தோளுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மாடு கட்டுத்தறியில் இளைத்தால் இப்படித்தான் முட்டும் எலும்பு. "இன்னா நிறுத்திட்ட, அழுத்தித் தேய்" என்றார்.

மதியம் மூன்று மணி நேரம் தூங்கினார்.

ஜனவரி 18, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. கஞ்சி அரை டம்ளர்.

ஜனவரி 19, திங்கள்

ஐந்தரை மணி. எனக்கு முன்பே எழுந்து, தலை சீவி, வேட்டி மாற்றி உட்கார்ந்திருக்கிறார். டோக்கன் போடப் போகவேண்டும். இட்லியைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.