மனித இலியம், குமிழ் மரத்தில்: வலது பக்கம் முடிந்தது

வலது இடுப்பெலும்பு ஒருவழியாக முடிந்தது. அசல் அளவு, ஒரே கட்டை. மேல் விளிம்பிலிருந்து, உட்காரும்போது தரையில் ஊன்றும் முண்டு வரை எங்கேயும் ஒட்டு இல்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இலியம், அதாவது இடுப்பெலும்பின் அகன்ற மேல்பகுதி, படுத்திய பாடு அப்படி.

சிம்பன்சி இடுப்பு செதுக்கியபோது இந்தத் தொல்லையே கிடையாது. அதன் இலியம் நெட்டையாக, ஏறக்குறையத் தட்டையாக, முதுகோடு ஒட்டி நிற்கும். பலகையில் வரைந்து அறுத்து லேசாகக் குடைந்தால் போதும், நார் அடி முதல் நுனி வரை நேராக ஓடும். மனித இலியமோ குட்டை, அகலம். பின்னாலிருந்து பக்கவாட்டில் திரும்பி முன்னால் வளைகிறது. பலகை உதவாது, தடித்த கட்டை வேண்டும். நாரை எப்படி வைத்தாலும் வளைவில் ஏதோ ஓரிடத்தில் குறுக்கே வெட்டுப்படும். இடுப்பில் கை வைத்தால் முன்பக்கம் தட்டுப்படுமே ஒரு முனை, அதுதான் முதலில் பெயர்ந்து விழும்.

இந்த முறை நாரை இலியத் தூணோடு ஓட விட்டேன். தொடையெலும்பின் தலை உட்காரும் கிண்ணத்துக்கு மேலே விளிம்பு வரை தடித்து ஏறும் பகுதி அது. நாம் ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு அடியிலும், தூக்கிய கால் பக்கம் உடம்பு சாயாமல் பிடித்துக்கொள்பவை குளூட்டியஸ் மீடியஸ், மினிமஸ் தசைகள். இலியம் பக்கவாட்டுக்குத் திரும்பியதால்தான் அவற்றுக்கு அந்த வேலை கிடைத்தது. அந்த இழுவையைத் தாங்கத்தான் இவ்வளவு தடிப்பு. மரத்திலும் கணக்கு அதேதான்: தூணை விட்டுவிட்டு மற்ற இடத்தை மெலிய வைத்தால், வைஸில் இறுக்கினாலும் தாங்குகிறது.

உளி போகும் திசை முக்கியம். வெளிப்பக்கம் தூணிலிருந்து இருபுறமும் இறங்க வேண்டும். உள்பக்கக் குழியில் விளிம்பிலிருந்து நடுவுக்கு. கொட்டாப்புளியைத் தொடவே கூடாது, கையழுத்தம் மட்டும். நடுக்குழி அசல் எலும்பில் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசு. காலிப்பர் எட்டாத இடத்தில் விரலால் தட்டிச் சத்தத்தை வைத்துத்தான் கனம் பார்த்தேன். சாணை சரியில்லாத வளைவு உளியோடு அங்கே போகாதீர்கள்.

இன்னொன்று, இணையத்தில் வாங்கிய பிளாஸ்டிக் மாதிரியை நம்பாதீர்கள். என்னிடம் இருப்பதில் பின்பக்கத்துச் சயாட்டிக் பள்ளம் ஆணுக்குரிய மாதிரி குறுகல், முன்பக்கத்துப் பியூபிஸ் கோணம் பெண்ணுக்குரிய மாதிரி அகலம். யாருடைய இடுப்போ!

மரத்துக்கும் அதே கதைதான். செங்கோட்டையில் ஒரு கடையில் காய்ந்தது என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த குமிழ், அறுத்தால் உள்ளே ஈரம். இப்போது புனலூர்ப் பக்கம் ஓர் ஆசாரியிடம் வாங்குகிறேன். "எல்லுண்டாக்கான் இத்ர நல்ல தடியோ சாரே?" என்று, எலும்பு செய்யவா இவ்வளவு நல்ல மரம் என்று, அவருக்கு மனத்தாங்கல். ஆனாலும் பல வருஷம் காய்ந்த துண்டாகப் பார்த்துத்தான் எடுத்துத் தருகிறார்.

திரிகம், அதாவது ஐந்து முள்ளெலும்பு ஒன்றாகிப்போன துண்டு, தயார். ஆனால் சேர்க்க முடியவில்லை. அதற்கும் இலியத்துக்கும் நடுவில் காது வடிவ மூட்டுப் பரப்பு இருக்கிறதே, அதன் மேடும் பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும்போது மரம் உப்பிக்கொள்கிறது. நேற்று கச்சிதமாக உட்கார்ந்தது இன்று உள்ளேயே போகவில்லை. சீவினால் வெயில் காலத்தில் இடைவெளி விழும். சாரல் ஓயட்டும்.

இடது பக்கத்தை இன்னும் தொடவே இல்லை, அதற்குள் மனிதனுக்கு ஆதி உறவான லூசியின் புதைபடிவ எலும்புகள் மேல் கண் போய்விட்டது. 1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்தவள், சுமார் 32 லட்சம் ஆண்டு பழசு. இடுப்பில் கிடைத்தது இடது பக்க எலும்பும் திரிகமும்தான், அதிலும் இலியத்தின் பின்பகுதி நொறுங்கிக் கோணல்மாணலாக ஒட்டிப்போயிருந்தது. மானுடவியலாளர் ஓவன் லவ்ஜாய் பிளாஸ்டரில் நகலெடுத்து, அறுத்து, துண்டுகளை மறுபடி பொருத்தியபோது இலியம் நம்முடையதைப்போலப் பக்கவாட்டுக்கு விரிந்தது. அதே அறுவையை நானும் செய்து பார்க்க வேண்டும். சீலிங் வேலைக்கு விற்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொருத்தி முடிப்பதற்குள் இறுகிவிடுகிறது. நிதானமாக இறுகும் ரகம் தென்காசி, புனலூர்ப் பக்கம் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.