டூல் "தெரியாது"ன்னு சொன்னா கடவுளுக்கு இடம் இருக்கா?

லாஜிக் பேசுறவன் கடவுள் இருக்க வாய்ப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டே ஆகணும், இல்லன்னா அவன் பேசுறது லாஜிக்கே இல்ல, இது எங்க டீம்ல ஒரு சீனியர் அடிக்கடி சொல்றது. நாங்க பாக்குறது சிப் டிசைன்ல ஃபார்மல் வெரிஃபிகேஷன், அதாவது டெஸ்ட் ஓட்டிப் பாக்குறதோட நிக்காம டிசைன் தப்பு பண்ணவே பண்ணாதுன்னு கணக்கா நிரூபிக்கிற வேலை. 1994ல பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குல தப்பா விடை குடுத்து இன்டெல்லுக்கு 475 மில்லியன் டாலர் செலவு வெச்சுதே, அதுக்கப்புறம் இந்த வேலைக்கு மவுசு ரொம்பவே கூடிப்போச்சு. அதனால லாஜிக் எங்க சொத்துங்கிற மாதிரி ஒரு நினைப்பு எங்க எல்லாருக்குமே உண்டு.

இப்படி நிரூபிக்கிற எங்க சாஃப்ட்வேர் டூல் மூணு விதமா பதில் சொல்லும். ஒண்ணு ப்ரூவன், நிரூபிச்சாச்சுன்னு அர்த்தம். இன்னொண்ணு கவுண்டர் எக்ஸாம்பிள், இந்த இன்புட் குடுத்தா உடையுது பாருன்னு, சிக்னல் எப்படி மாறுதுங்கிற வேவ்ஃபார்ம் படத்தோட காட்டிடும். மூணாவது இன்கன்குளூசிவ், சிப்போட கடிகாரத் துடிப்புல இத்தனை சைக்கிள் வரைக்கும் தேடிட்டேன் ஒண்ணும் மாட்டல அதுக்கு மேல தெரியாதுன்னு கைய விரிச்சிடும். சீனியரோட வாதம் முழுக்க இந்த மூணாவதுலதான் நிக்குது, யாரும் கடவுள் இல்லன்னு நிரூபிக்கல, அப்போ இருக்கலாம்னு திறந்து வெச்சுக்கோங்கறாரு. கேக்க நியாயமாத்தான் இருக்கும்.

ஆனா டூல ஓட்டவே முதல்ல ப்ராப்பர்ட்டிய, அதாவது எத நிரூபிக்கணும்ங்கிறத, எழுதணுமே. எந்தக் கடவுள்? உலகத்தைப் படைச்சவரா, எல்லாம் தெரிஞ்சவரா, நம்ம வேண்டுதலைக் கேக்குறவரா? வரையறைக்குள்ளயே முரண் இருந்தா லாஜிக் அங்கேயே கதவைச் சாத்திடும், நாலு பக்கம் உள்ள முக்கோணத்துக்கு யாரும் வாய்ப்பு குடுக்க வேண்டியதில்ல. முரண் இல்லன்னா லாஜிக் சாத்தாது, அவ்ளோதான், ஆனா சாத்தாததும் உள்ள வான்னு கூப்பிடுறதும் ஒண்ணா? சூரியனைச் சுத்தி ஒரு தேநீர்க் கெண்டி வருதுன்னு சொன்னா யாராலும் பொய்னு காட்ட முடியாது, அதுக்காக நம்பணுமான்னு 1952ல ரஸ்ஸல்ங்கிற தத்துவவாதி கேட்டாரே, அந்தக் கெண்டியையும் லாஜிக் சாத்தல. இன்கன்குளூசிவ்னு வந்த எல்லாத்தையும் நாங்க ஒரே தட்டுல வைக்கிறதும் கிடையாது, எதுல ரிஸ்க் அதிகம்னு பாத்துத்தான் நேரம் செலவழிப்போம், அந்த முடிவ லாஜிக் எடுத்துக் குடுக்காது, அனுபவமும் ஆதாரமும்தான் குடுக்கும்.

இன்னொரு சிக்கல் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். "வாய்ப்பு இருக்கு"ங்கிறது பாக்க சாதுவா இருக்கும். பிளான்டிங்காங்கிற அமெரிக்க தத்துவவாதி 1974ல வெச்ச வாதத்துல, கடவுள்னு ஒருத்தர் இருந்தா எல்லா சாத்திய உலகத்துலயும், அதாவது உலகம் எப்படியெல்லாம் இருந்திருக்கலாமோ அத்தனையிலயும், இருந்தே ஆகணும்னு வரையறுத்துட்டு, அப்படி ஒருத்தர் இருக்கிறது சாத்தியம்னு ஒரே ஒரு அசம்ப்ஷன் போட்டாப் போதும், சாத்தியம், கட்டாயம்னு பேசுற மோடல் லாஜிக்ல எஸ்5ங்கிற வகைப்படி இருக்கார்னே முடிஞ்சிடும். அதே ரூல்ல, அவர் இல்லாம இருக்கிறது சாத்தியம்னு அசம்ப்ஷன் போடு, இருக்கவே முடியாதுன்னு வரும்! அப்போ சண்டை முழுக்க அந்த ஒரு வரி அசம்ப்ஷன்லதான். எனக்குத் தெரியலங்கிற அர்த்தத்துல "இருக்கலாம்"னு சொல்றது வேற, இந்த மோடல் லாஜிக் சாத்தியம் வேற, முதல்ல சொன்னத வாங்கி ரெண்டாவதா கணக்குல எழுதிக்கிட்டா ஏமாந்தாச்சு.

எங்க வேலைல ஜூனியர்களுக்கு முதல்ல சொல்லிக் குடுக்குறதே அசம்ப்ஷனப் பாருன்னுதான், ஒண்ணுக்கொண்ணு முரணா ரெண்டு அசம்ப்ஷன் இருந்தா எல்லா ப்ராப்பர்ட்டியும் பச்சையா ப்ரூவன்னு வந்து நிக்கும், ஒண்ணுமே நிரூபிச்சிருக்காது. தர்க்க மேதை கோடல் 1970ல எழுதி வெச்ச கடவுள் நிரூபணத்துக்கும் இதே கதிதான். 2013ல பென்ஸ்முல்லர், பாலியோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அத கம்ப்யூட்டர்ல ஓட்டினாங்க, டானா ஸ்காட்ங்கிற தர்க்க அறிஞர் லேசா மாத்தின வடிவம் தேறிடுச்சு, கோடலோட மூல வடிவத்துல ஆக்ஸியமே, அதாவது நிரூபிக்காம ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிற அடிப்படை வரிகளே, முரண்படுதுன்னு தியரம் ப்ரூவர்ங்கிற நிரூபிக்கிற சாஃப்ட்வேர் கண்டுபிடிச்சிடுச்சு. கோடலே நம்ம துறைக்குத் தாத்தா மாதிரி, அவருக்கே இப்படி. ஸ்காட் வடிவம் தேறிச்சுன்னாலும் ஆக்ஸியத்த ஒத்துக்கிட்டா முடிவு வரும்ங்கிறது மட்டும்தான் தேறிச்சு.

நம்ம பக்கத்துலயும் பழைய கதைதான் இது. நியாயங்கிற இந்திய தர்க்க மரபுல உதயனர் அனுமானத்த, அதாவது தெரிஞ்சதுலேருந்து தெரியாதத முடிவு பண்ற முறைய, வெச்சே ஈஸ்வரன நிறுவினாரு, தர்மகீர்த்தி மாதிரி பௌத்தர்கள் அவருக்கு முன்னாடியே அதே அனுமானத்த வெச்சு ஈஸ்வரன மறுத்திருந்தாங்க. ரெண்டு பக்கமும் தர்க்கத்துல கில்லாடிங்க.

இதெல்லாம் கேட்டுட்டு சீனியர், "சரிப்பா, நீ எந்தப் பக்கம்?"னாரு. எனக்கு நம்பிக்கை இல்ல சார், ஆனா அது ப்ரூவன் லிஸ்ட்ல இல்ல, நல்ல ஆதாரம் வந்தா மாத்திக்குவேன், அப்படி மாத்திக்கச் சொல்றது என் வேலைப் பழக்கமே தவிர லாஜிக் இல்லன்னேன். அவரு ஒத்துக்கல. "அப்போ நான் கும்பிடுறதுக்கும் லாஜிக் வேணாம்தானே"ன்னாரு. வேணாம்னுதான் சொன்னேன்.