வார்டு இன்சார்ஜ் ஆவதற்கு முன்னும் பின்னும்: மதுரை நாட்குறிப்பு

ஏப்ரல் 21, 2025

ஜூன் முதல் பொது மருத்துவ வார்டின் இன்சார்ஜ் பொறுப்பை நான் ஏற்க வேண்டும் என்று சூப்பரின்டென்டென்ட் மேடம் சொல்லிவிட்டார்கள். நரம்பு கிடைக்காத கையிலும் ஐ.வி. லைன் போட்டுவிடுவேன் என்று எனக்கிருக்கும் பெயர் இந்த வேலைக்கு அதிகம் உதவாது. ஓய்வுபெறவிருக்கும் மூத்த சிஸ்டரின் கூடவே மே மாதம் முழுவதும் இருக்க அனுமதி வாங்கினேன்.

ஏப்ரல் 29

இன்று டூட்டி லிஸ்ட் போடக் கற்றேன். வருகிற மே 12 உலகச் செவிலியர் தினம். கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளும் அதுவே. மதுரையில் அன்றைக்கு ஆஃப் கேட்காதவர் யார்? சென்ற ஆண்டு திருவிழாவன்று வேலை பார்த்தவர்களுக்கே முதல் உரிமை என்பது சிஸ்டரின் விதி. கிறிஸ்துமஸ், ரம்ஜான் நாள்களில் அந்தக் கணக்கு நேர்செய்யப்படும். புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் வைத்து நைட் போடவே மாட்டார். இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல் விடுப்புக்கென 30 சதவீதம் கூடுதல் ஆட்களைக் கேட்கிறது. நிர்வாகத்தின் கண்ணுக்கு உபரியாகத் தெரிவதும் அந்த 30 சதவீதம்தான் என்பது என் எண்ணம்.

மே 14

மருந்து அலமாரியைச் சரிபார்த்தோம். பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூலும் ஊசி மருந்து கலக்கும் தண்ணீர் ஆம்பூலும் அடுத்தடுத்த பெட்டிகளில், அதே உயரத்தில், அதே நிறமற்ற திரவத்துடன் இருந்தன. முதலாவதை நீர்க்காமல் நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். கவனமாக இருங்கள் என்று சுற்றறிக்கை அனுப்புவது எளிது. ஆனால் நைட் டூட்டியின் கடைசி மணி நேரத்தில் யாருடைய கவனத்தையும் நம்பி மருந்து வைக்கக் கூடாது என்று சொல்லி, சிஸ்டர் அந்தப் பெட்டியையே பார்மசிக்குத் திருப்பி அனுப்பினார். இனி தேவைப்படும்போது இன்டென்ட் (எழுத்துமூலக் கோரிக்கை) போட்டு வாங்கி, இருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கலக்க வேண்டும்.

ஜூன் 5

பொறுப்பேற்றதும் ஓவர் கொடுப்பதை, அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரங்களை அடுத்தவரிடம் ஒப்படைப்பதை, கவுன்டரிலிருந்து நோயாளியின் கட்டிலருகே மாற்றினேன். டாக்டருக்குப் போன் செய்யும் முறையை வார்டின் செவிலியர்களுக்குப் பழக்குவதில்தான் எனக்கு அதிக நேரம் செலவாகிறது. “சார், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்காங்க” என்றால் எந்த டாக்டரும் எழுந்து வரமாட்டார். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த எஸ்பார் முறையில் இப்போதைய நிலை, பின்னணி, நம் மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் பேச வேண்டும். முதல் மூன்றையும் பிள்ளைகள் சரியாகச் சொல்கிறார்கள். “நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும், சார்” என்ற நான்காவதுதான் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. டீ நேரத்தில் நானே டாக்டராக நடித்து, எரிந்து விழுந்து, அவர்களைச் சொல்லிப் பழக வைக்கிறேன்.

ஜூன் 19

நேற்றிரவு நிமோனியா நோயாளி ஒருவருக்கு மூச்சு நிமிடத்திற்கு 28, ஆக்சிஜன் அளவு 89 என்று சொல்லி, இரண்டாம் முறையும் போன் செய்து டாக்டரை வரவழைத்திருக்கிறாள் சென்ற ஆண்டு சேர்ந்த பெண். நோயாளியை ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். காலையில் அந்த டாக்டர், “உங்கள் ஸ்டாஃப் எனக்கே உத்தரவு போடுகிறார்” என்றார். அப்படிப் பேசச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று சொல்லி, போன் செய்த நேரங்கள் குறிக்கப்பட்ட கேஸ் ஷீட்டை அவரிடம் காட்டினேன். ஜூலை லிஸ்டில் அந்தப் பெண்ணை நைட் இன்சார்ஜாகப் போட்டிருக்கிறேன். முதல் வாரம் மட்டும் மூத்தவர் ஒருவர் உடனிருப்பார்.