கோப்பு யாருடையது?

சர்வர் பராமரிப்பு வேலையில் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தி கண்ணில் படாத வாரம் அபூர்வம். அதைக் கண்டதும் பலருக்குக் கை தானாகவே, கோப்பின் உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளைக்குப் போய்விடும். கூடவே, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லும் ஹைஃபன் பெரிய ஆர், புதிய உரிமையாளர் பெயர், டைரக்டரியின் பெயர், எண்டர். பெரும்பாலும் பிரச்சினையும் தீர்ந்துவிடும். அதனால்தான் இந்தப் பழக்கம் போவதில்லை. (எல்லாவற்றுக்கும் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும், போடுகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். விட்டுவிடுகிறேன்.)

1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே சௌன் இருக்கிறது. அது மாற்றச் சொல்வது கோப்பின் ஐநோடில், அதாவது கோப்பைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் பதிவில், உள்ள எண்களை மட்டுமே. உரிமையாளருக்கு ஓர் எண், குழுவுக்கு ஓர் எண். பெயர் அங்கே கிடையாது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை காட்டும் பெயரெல்லாம் அந்த இயந்திரத்தின் பயனர் பட்டியலில் அப்போதைக்குத் தேடி எடுத்தவை.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஓடும் சர்வர் ஒன்றிலிருந்து ரெட்ஹாட் வகை லினக்ஸ் சர்வருக்கு ஓர் இணையதளத்தை மாற்றியபோது இது நன்றாகவே தெரிந்தது. டெபியனில் வெப் சர்வர் கணக்கின் எண் 33. ரெட்ஹாட்டில் அப்பாச்சி என்ற வெப் சர்வரின் கணக்குக்கு 48. தளத்தின் கோப்புகளை மொத்தமாகக் கட்டிக் கொண்டுவந்த டார் கோப்பைப் பிரித்ததும், படங்களைப் பதிவேற்றும் டைரக்டரியில் உரிமையாளர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 33 நின்றது. நிரல் கோப்புகளில் நடந்தது அதைவிட வேடிக்கை. பழைய இயந்திரத்தில் அவற்றுக்கென்றிருந்த கணக்கின் எண் 1001. புதிய இயந்திரத்தில் அந்தக் கணக்கே இல்லை; 1001 ஒரு சோதனையாளருடையது. தளத்தின் நிரல் முழுவதும் தன் பெயரில் இருப்பது அந்த மனிதருக்கே தெரியாது.

“மொத்தத்தையும் அப்பாச்சிக்குக் கொடுத்துவிடலாமா சார்?” என்று கேட்டார் உடனிருந்த இளைஞர். வேண்டாம் என்றேன். பல வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. தளத்தின் ஓட்டை வழியாக எவராவது நுழைந்தால், வெப் சர்வருக்கு எதையெல்லாம் எழுத முடியுமோ அதையெல்லாம் அவராலும் எழுத முடியும். படங்களின் டைரக்டரியும், தற்காலிக நகல்களை வைக்கும் கேஷும் மட்டும் அப்பாச்சிக்குப் போதும். நிரலை அது படித்தால் போதாதா?

நிரலுக்கெனத் தனிக் கணக்கு திறந்தோம். பிறகு ஃப்ரம் என்ற தெரிவுடன் சௌன் கொடுத்தோம். இப்போது 1001-இடம் இருப்பதை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்பது அதன் பொருள். அதுவும் தளத்தின் டைரக்டரிக்குள் மட்டும். வெளியே விட்டிருந்தால் சோதனையாளரின் சொந்தக் கோப்புகளும் கைமாறியிருக்கும்.

அதற்கு முன் வேலை பார்த்த இடத்தில், இயந்திரத்தின் நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆர் டைரக்டரி மீதே ஒருவர் சௌனை ஹைஃபன் பெரிய ஆருடன் ஓட்டிவிட்டார். சாதாரணப் பயனருக்கு ரூட் என்ற தலைமைக் கணக்கின் அதிகாரத்தைத் தரும் சுடோ அந்தக் கணமே செத்தது. ரூட்டாக நுழைந்து எல்லாவற்றையும் ரூட்டுக்கே திருப்பிக் கொடுத்த பிறகும் எழவில்லை. ஒரு நிரல் அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடக் காரணமான குறி செட்யூஐடி பிட்; உரிமையாளர் மாறும்போது அதையும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அழித்துவிடுகிறது. ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும் நிரல், யார் கைக்குப் போனாலும் சிறப்பு உரிமையைச் சுமந்துகொண்டே போகக் கூடாது அல்லவா? ரெட்ஹாட்டின் நிரல் நிறுவும் கருவியான ஆர்பிஎம்மில், உரிமையாளரைச் சரிசெய்யும் செட்யூஜிட்ஸ் முதலில், அனுமதிகளைச் சரிசெய்யும் செட்பெர்ம்ஸ் அதன் பிறகு என்ற வரிசையில் ஓட்டி மீட்டோம். வரிசையை மாற்றினால், சரிசெய்த பிட் மறுபடி அழிந்துபோகும்.

சௌனில் ‘பழையபடி ஆக்கு’ என்று ஒன்று கிடையாது. அதனால் பெரிய டைரக்டரி எதையும் தொடுமுன், கோப்புகளின் அனுமதி விவரங்களைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையை ஹைஃபன் பெரிய ஆருடன் கொடுத்து அதன் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துவைக்கச் சொல்கிறேன். உரிமையாளர், குழு, அனுமதி, விசேஷ பிட்டுகள் எல்லாம் அதில் இருக்கும். தவறினால் அதன் இணைக் கட்டளையான செட்எஃப்ஏசிஎல்லின் ரீஸ்டோர் தெரிவை ரூட்டாக ஓட்டி எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம்.