ஜிப்புக்குப் பூட்டுப் போட்ட கதை

திருப்பூர் மங்கலம் ரோட்டில் பனியன் துணி தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன பவர் டேபிள் யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். டெய்லர், செக்கிங், அயர்ன் எல்லாம் சேர்த்து 38 பேர். அத்தனை பேருடைய ஆதார், பேங்க் பாஸ்புக் ஸ்கேனும் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குக்காக ஆடிட்டர் ஆபீஸ் கேட்கும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் அப்படியே தள்ளிவிடுவேன்.

போன வருஷம் செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா பேரில் யாரோ சிம் கார்டு வாங்கியிருந்தார்கள். ஆதார் காப்பி எங்கிருந்து போனதென்று யாருக்கும் தெரியவில்லை. "நம்ம ஆபீஸ்ல இருந்து போயிருக்காதுங்களே?" என்று அவர் கேட்டபோது, இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குத்தான் ஃபோல்டருக்குப் பூட்டுப் போடலாம் என்று உட்கார்ந்தேன்.

செவன்-ஜிப் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தது. ஃபைல்களைச் சுருக்கிப் பூட்டும், காசு கொடுக்க வேண்டாத மென்பொருள். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, கம்பெனி பேரோடு 123 சேர்த்து பாஸ்வேர்டு போட்டு ஆடிட்டர் ஆபீஸுக்கு மெயிலில் அனுப்பினேன். அடுத்த மெயிலிலேயே பாஸ்வேர்டையும் அனுப்பினேன். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி என்பது அப்போது உறைக்கவில்லை.

அரை மணி நேரத்தில் அங்கிருக்கும் தம்பி போன் செய்தான். "அக்கா, இன்னும் பாஸ்வேர்டு போடலைங்க, ஆனா உள்ள இருக்கற ஃபைல் பேரெல்லாம் தெரியுதுங்க்கா. ஒண்ணுல மெட்டர்னிட்டின்னு போட்டிருக்கே, அவங்க எங்க லைன் வீட்லதானுங்க குடியிருக்காங்க!"

எனக்குத் திக்கென்றது. மகப்பேறு பணத்துக்கு 70 நாள் இ.எஸ்.ஐ. பங்களிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அந்தப் பெண் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மூன்று மாதம் முடியவில்லை, மாமியாருக்கே இன்னும் சொல்லவில்லை. நானோ அவள் பேரையும் விஷயத்தையும் சேர்த்து ஃபைலுக்குப் பேர் வைத்திருந்தேன். தம்பியிடம் கெஞ்சாத குறையாக, வாயைத் திறக்காதே என்றேன். நல்ல பையன், திறக்கவில்லை.

அப்புறம்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டால் ஃபைலின் உள்ளடக்கம்தான் மறையும். பேர், அளவு, தேதி எல்லாம் வெளியே தெரியும். அது போதாதென்று, செவன்-ஜிப்பில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் குறியாக்க முறையாக, அதாவது பூட்டும் முறையாக, ஜிப்கிரிப்டோ என்ற பழைய முறைதான் தானாக வந்து நிற்கிறது. 1994-லேயே பிஹாம், கோச்சர் என்ற இருவர் அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். பூட்டிய ஃபைலில் சில நூறு பைட் என்னவென்று தெரிந்தால் போதும், அந்தக் காலத்து கம்ப்யூட்டரிலேயே சில மணி நேர வேலை. நான் இதை நம்பி 38 பேர் ஆதாரை வைத்திருக்கிறேன்!

சரி, அதே இடத்தில் ஏஇஎஸ்-256 என்ற வலுவான முறைக்கு மாற்றி மறுபடி அனுப்பினேன். ஆடிட்டர் ஆபீஸில் விண்டோஸ் 10. அதில் இருக்கும் ஜிப் திறக்கும் வசதிக்கு ஏஇஎஸ் தெரியாது, ஏதோ பிழை என்று சொல்லி நின்றுவிட்டது. பேர்களோ இதிலும் அப்படியே தெரிந்தன.

கடைசியில் வழிக்கு வந்தது செவன்-ஜிப்பின் சொந்த வடிவமான செவன்-இசட். அதில் குறியாக்கம் ஏஇஎஸ்-256 மட்டும்தான். பாஸ்வேர்டு கட்டத்துக்குக் கீழே, ஃபைல் பேர்களையும் மறைக்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால்தான் பேரும் மறையும், மறந்தால் பழைய கதைதான். கொடுக்கும் பாஸ்வேர்டை 5,24,288 முறை அரைத்துத்தான் சாவி செய்கிறதாம். அதனால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறவனுக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் நேரம் பிடிக்கும். ஆடிட்டர் ஆபீஸில் தம்பியும் செவன்-ஜிப் போட்டுக்கொண்டான்.   மெயில் வேண்டாமென்று பென் டிரைவில் போட்டு எங்கள் டெம்போ டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். பூட்டியிருப்பதால் யார் கையில் போனாலும் பயமில்லை.

பாஸ்வேர்டை இந்த முறை போனில் சொல்வதென்று முடிவு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்தால் நல்லது என்று படித்திருந்தேன். சந்தகை, கட்டுத்தரை, தொண்டுப்பட்டி, பொழுதோட என்று எங்கள் ஊர்ச் சொற்களாகப் பொறுக்கி ஆங்கில எழுத்தில் அடித்தேன். வெளியூர்க்காரன் யாருக்குத் தோன்றப்போகிறது என்று ஒரே பெருமை. அந்தத் தம்பி கோபிச்செட்டிபாளையத்துக்காரன், சொன்னதும் புரிந்துகொண்டான். ஆனால் திறக்கவில்லை. சந்தகைக்கு அவன் டி-ஹெச் (dh) போட்டிருக்கிறான், நான் போட்டது டீ-ஹெச் (th). அவன் தொண்டுப்பட்டியில் ஒரே பி, என்னுடையதில் இரண்டு. இருபது நிமிஷம் எழுத்துக் கூட்டிக் கூட்டிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் எல்லாரும் பாஸ்வேர்டைக் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் இங்கே தைரியமாக எழுதுகிறேன், அது மாறிவிட்டது.

இன்னொரு கூத்தும் நடந்தது. அனுப்பி முடித்தபின் பூட்டாத மூல ஃபோல்டர் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தது. அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். இரண்டு மாதம் கழித்து தீபாவளி போனஸ் கணக்குக்குப் பாஸ்புக் பக்கம் தேவைப்பட்டது. தம்பி பென் டிரைவை எப்போதோ காலி செய்திருந்தான். என்னிடம் பூட்டிய ஃபைல் இருந்தது. பாஸ்வேர்டு மாற்றியபோது சந்தகைக்குப் பதில் என்ன போட்டேன் என்பது மட்டும் நினைவில் இல்லை. நாலு நாள் போட்டுப் பார்த்தேன். மறந்தவனுக்கென்று இதில் தனிக் கதவு கிடையாது.

"என்ன அம்மிணி, கள்ளனுக்குப் போட்ட பூட்டுல நாமளே மாட்டிக்கிட்டமா?" என்று முதலாளி சிரித்தார். சிரித்தாலும் 38 பேரையும் ஒருநாள் மதியம் வரிசையில் நிறுத்தி மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. பீஸ் ரேட்டுக்காரர்கள் முணுமுணுத்ததால் ஆளுக்கு அரை மணி நேரக் கூலி சேர்த்துக் கொடுத்தோம்.

இப்போது பாஸ்வேர்டு ஒரு நோட்டில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு எழுதி, ஆபீஸ் பீரோவில் செக் புக்குக்குக் கீழே இருக்கிறது. ஃபைல் பேர்களிலும் ஆள் பேர் வேண்டாமென்று டோக்கன் நம்பர் மட்டும் வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் போன மாதம் பையன் பிறந்தான். 26 வார மகப்பேறு லீவில் இருக்கிறாள்.