பாட்டி கேட்டது அளவைப் பற்றியல்ல

2005 ஜூலை 4 அன்று நாசாவின் டீப் இம்பாக்ட் விண்கலம், தன்னிடமிருந்து பிரித்துவிட்ட ஒரு மோதுகலத்தை டெம்பல் 1 என்ற வால்மீன் மீது வேண்டுமென்றே மோதவிட்டது. நமக்கு அப்போது முற்பகல் பதினொன்றரை மணியை ஒட்டிய நேரம். ஹவாயில் இன்னும் ஜூலை 3 இரவுதான். வைகீகி கடற்கரையில் பெரிய திரை கட்டி, கூட்டம் கூட்டமாக மக்கள் அதைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். மாஸ்கோவிலோ ஒரு பெண் ஜோதிடர், அண்டத்தின் சமநிலையே குலைகிறது, தன் ஜாதகம் பாதிக்கப்படுகிறது என்று சொல்லி நாசாவிடம் 30 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார். வழக்கு தள்ளுபடியானது. செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜாதக வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் கிடந்த கேள்வி எங்கள் வீட்டுக் கூடத்திலும் எழுந்தது. கேட்டவர் என் பாட்டி.

பாட்டிக்கு அதைக் கேட்க உரிமையும் இருந்தது. மோதுகலத்தில் வைக்கப்போகும் குறுந்தகட்டில் பதிக்க விரும்புவோர் பெயர் அனுப்பலாம் என்று 2003-இல் நாசா அறிவித்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. அதில் ஒன்று என் பாட்டியுடையது. பிரவுசிங் சென்டரில் பதிவு செய்து, அவர்கள் கொடுத்த சான்றிதழை அச்செடுத்துக் கொண்டுவந்தேன். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே அதையும் மடித்துப் பத்திரப்படுத்தினார்.

அன்று இரவுச் செய்தியில் அந்த வெண்மையான வெடிப்பைக் காட்டினார்கள். பாட்டி கேட்டார்: “அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததை ஏனப்பா இடித்தார்கள்? என் பெயரை வைத்தா இடித்தார்கள்?”

விஞ்ஞானிகள் அப்போது ஊருக்கெல்லாம் சொன்ன சமாதானத்தைத்தான் முதலில் சொன்னேன். மோதுகலம் வெறும் 370 கிலோ; வால்மீனோ பல கிலோமீட்டர் அகலம். போயிங் 767 விமானத்தில் கொசு மோதியது போலத்தான். பாதையில் அளந்து பார்க்கக்கூடிய மாற்றம்கூட இருக்காது. எல்லாம் உண்மை. பாட்டி தலையை ஆட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. அவர் கேட்டது காயம் பெரிதா சிறிதா என்றில்லையே. ஏன் என்று கேட்டார். சிறிய காயம் என்பது அதற்குப் பதிலாகாது. அந்த நாட்களில் மக்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் எனக்கிருந்த குறையும் இதுதான்.

உண்மையான பதில் வால்மீனின் உள்ளே இருக்கிறது. டெம்பல் 1 ஐந்தரை ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேற்பரப்பு வெந்து மாறிப்போகிறது. சூரியக் குடும்பம் உருவான காலத்துப் பொருள், ஏறக்குறைய 450 கோடி ஆண்டுப் பழமையோடு, மேலோட்டுக்குக் கீழேதான் கிடக்கிறது. தொலைவில் நின்று எத்தனை படம் எடுத்தாலும் அது தெரியாது. அதனால்தான் நொடிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் மோதி, கீழே கிடப்பதை மேலே கிளப்பினார்கள். மோதுகலத்தில் பாதியளவு செம்பு இருந்ததற்கும் காரணம் உண்டு. வால்மீனில் செம்பை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆகவே கிளம்பும் ஒளியை ஆராய்ந்து என்னென்ன பொருள் இருக்கிறது என்று கண்டறியும்போது, எது வால்மீனுடையது, எது நம்முடையது என்பதில் குழப்பம் வராது. இந்த ஒரு நுணுக்கத்துக்காகவே மைக்கேல் ஆஹெர்ன் தலைமையிலான அந்தக் குழுவை நான் வணங்குவேன்.

இதைச் சொன்னபோது பாட்டி, “சரி, பார்க்க வேண்டியதைப் பார்த்தார்களா?” என்றார். வழக்குப் போட்ட ஜோதிடரும் சரி, கைதட்டிய கூட்டமும் சரி, கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நீர்ப்பனியும் கரிமச் சேர்மங்களும் தெரிந்தன. ஆனால் எதிர்பார்த்ததைவிட மிக நுண்ணிய தூசு அவ்வளவு எழும்பி, குழியை மறைத்துவிட்டது. ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2011 பிப்ரவரியில் அங்கே போன பிறகுதான், சுமார் 150 மீட்டர் அகலத்தில் மங்கலாக ஒரு பள்ளம் தென்பட்டது.

2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம், இன்னொரு பெரிய சிறுகோளைச் சுற்றிவரும் டிமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதியது. அங்கே பாதையை மாற்றுவதே நோக்கம். அதன் சுற்றுக்காலம் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தும்விட்டது. பூமியைக் காக்கும் ஒத்திகை என்று சொன்னதும், நான் படித்த செய்திகளில் ஒருவர்கூட ‘ஏன் இடிக்க வேண்டும்’ என்று கேட்கவில்லை. நிஜமாகவே ஒன்றின் பாதையை நாம் திருப்பியது அப்போதுதான்.