வெப்பநிலையிலிருந்து செறிவை அறிதல்: நான் படித்த முறை

செயல்முறைக் கட்டுப்பாட்டுப் பாடத்தில் நிலை மதிப்பீடு (நேரடியாக அளக்காத மதிப்புகளை அளந்தவற்றிலிருந்து கணிப்பது) என்ற பகுதியை வெறும் அணிக் கணக்காக நினைத்து, 1960இல் கால்மன் வெளியிட்ட ஃபில்டரின் (இரைச்சல் கலந்த அளவீடுகளைக் கொண்டு மதிப்பிடும் கணக்குமுறை) சமன்பாடுகளை மனப்பாடம் செய்துகொண்டு பருவத் தேர்வுக்குப் போனேன். வினாத்தாளிலோ, சிஎஸ்டிஆர் எனப்படும் கலக்கு வினைகலனில் வெப்பநிலையை மட்டும் அளந்து வினைபொருளின் செறிவை மதிப்பிட முடியுமா, எப்போது முடியாது என்று கேட்டிருந்தார்கள். என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. இந்தப் பகுதியை இனிப் படிக்கப்போகிறவர்களுக்காக, அதன்பின் நான் பின்பற்றிய வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் பொருள் சமநிலை, வெப்பச் சமநிலை ஆகிய இரண்டு சமன்பாடுகளையும் கையால் எழுதி, இயங்குநிலையை ஒட்டி நேரியலாக்கி (நேர்கோட்டுச் சமன்பாடுகளாகத் தோராயப்படுத்தி), 2×2 அணியாக அமைத்துக்கொள்ளுங்கள். வெப்பச் சமநிலை வரியில் செறிவுக்கு முன்னால் நிற்கும் கெழு வினைவெப்பத்தைச் சார்ந்தது என்பதை அப்போது உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். வினைவெப்பம் சுழியானால் அந்தக் கெழுவும் சுழியாகி, அளவீட்டிலிருந்து எல்லா நிலைகளையும் அறிய முடியுமா என்று காட்டும் அப்சர்வபிலிட்டி அணியின் தரம் (ரேங்க்) 2இலிருந்து 1ஆகக் குறைந்துவிடும். செறிவு எப்படி மாறினாலும் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளுக்கு அதன் தடயமே எட்டாது. எந்த ஃபில்டரைப் போட்டாலும் நாம் எழுதிய சமன்பாடு தன் போக்கில் சொல்வதைத்தான் நாம் பெறுவோம், அளவீடு அதைத் திருத்தாது. என்னைக் கேட்டால், இந்தப் பகுதியின் உயிரே இதுதான்.

இது பிடிபட்ட பிறகு 1964இல் லூயன்பெர்கர் முன்வைத்த அப்சர்வரைப் படித்தால், அளந்த மதிப்புக்கும் கணித்த மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு மதிப்பீட்டைத் திருத்துவது இயல்பாகவே புரியும். கால்மன் ஃபில்டரைக் கணினியில் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அளவீட்டு இரைச்சலின் பரவற்படியை (சிதறலின் அளவை) நான் மிகச் சிறிதாகக் கொடுத்தபோது, செறிவின் கோடு தெர்மோகப்பிளின் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் சேர்ந்து துள்ளியது.

கலவையைக் கொதிநிலை வேறுபாட்டால் பிரிக்கும் வடிகோபுரத்தையும் விட்டுவிடாதீர்கள். கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற பகுப்பாய்வுக் கருவி கலவையின் இயைபைச் சொல்லப் பல நிமிடங்கள் ஆகும் என்பதால், தட்டு வெப்பநிலையைக் கொண்டே அதை ஊகிக்கிறார்கள். இருகூறு கலவையில் இது நன்றாகப் பொருந்தும். ஆனால் அழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும் என்பதால் அழுத்தத் திருத்தத்தைச் சேர்த்தே விடை எழுதுங்கள்.

மதிப்பீட்டை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். ஆய்வக முடிவு கைக்கு வந்த நேரத்து மதிப்பீட்டோடு அல்லாமல், மாதிரி எடுத்த நேரத்து மதிப்பீட்டோடு அந்த முடிவை ஒப்பிட வேண்டும்.